பிரசவ வார்டு மெஷினும் லாட ஆணிகளும்

என் கை பட்ட இஞ்சின் மறுபடி மக்கர் பண்ணாது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. எழுபதுகளின் நடுவில் இருக்கும். மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் ஆயில் இஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். உப்புக் காற்றில் இரும்பு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல, அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு வேலை தெரியுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எனக்கு வாயும் உண்டு. "இவன் பேசியே இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிடுவான்" என்று அளத்து மேஸ்திரி கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படித் தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவனைத் தரையில் இறக்கியது துணி காயவைக்கும் மெஷின் ஒன்று.

அனுமந்தைக்குப் போகும் வழியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பிரசவத்துக்குப் பேர் போன இடம். மீன்காரர் வீடு, உப்பளத்தார் வீடு, உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களின் விவசாயி வீடு என்று எல்லா வீட்டுப் பெண்களும் அங்கே வருவார்கள். வெயில் காலத்தில் அங்கே குறையே கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால்தான் தொல்லை. மழையோடு கடலிலிருந்து ஓர் ஈரக் காற்று வரும். கொடியில் போட்ட துணி காலையில் இருந்ததைவிடச் சாயங்காலம் இன்னும் கனமாக இருக்கும். பிரசவ வார்டில் மட்டும் விரிப்பு காயாமல் முடியாது. போன வருஷத்து மழையில் ஈர விரிப்பில் கிடந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் கண்டு, வார்டே திணறிப்போனது.

அதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டு மாதா கோயில் பங்கு ஒன்றிலிருந்து அந்த மெஷினைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். ஆள் உயரப் பெட்டி. முகத்தில் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே சல்லடை போல் ஓட்டை போட்ட பெரிய டிரம். ஈரத் துணியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் டிரம் சுற்றும், சூடான காற்று உள்ளே வீசும், துணி உருண்டு புரண்டு காய்ந்து வரும். மெஷின் வந்த புதிதில் அதை ஓடவிட்டுக் காட்டச் சொல்லி ஆட்கள் வந்து நின்றார்கள். கண்ணாடிக்குள் விரிப்புகள் ராட்டினம் ஆடுவதைப் பார்ப்பது திருவிழாப் போலத்தான் இருந்தது. நானும் வேடிக்கை பார்த்தேன். பிற்பாடு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக் கிடக்கப் போகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். தெற்கத்திக்காரர், நல்ல உயரம். எதிரே புத்தகம் இருப்பது போலவே பேசுவார்.

"உப்பளத்தில் பெல்ட் வேலை எல்லாம் நீங்கள்தானே பார்க்கிறீர்கள்? எங்கள் மெஷினில் பெல்ட் அடிக்கடி போய்விடுகிறது. மெட்ராஸ் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை."

"பெல்ட்டுதானே சிஸ்டரம்மா? காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐப்பசி மழைக்குள் மெஷின் ஒழுங்காக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மழை முடியும்வரை பிரசவ வார்டைப் பூட்டிவிட டாக்டரம்மா சொல்லிவிட்டார், வருகிறவர்களைப் பாண்டிச்சேரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வீட்டு நினைப்புதான் வந்தது. என் மனைவிக்குக் கார்த்திகையில் பிரசவம். எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. அதுவும் மழையில்தான், வீட்டில் பிறந்தது. வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லை. அடுப்பில் வாட்டி வாட்டிச் சுற்றினார்கள். பிள்ளை குளிர்ந்துகொண்டே போனது. இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். மழைக்காலத்தில் பாண்டிச்சேரிக்குப் போவது நிச்சயமில்லை. கழுவெளி ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டால் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். ஆக, கார்த்திகையில் எனக்கு அந்த வார்டு திறந்திருக்க வேண்டும், அது திறந்திருக்க அந்தப் பெல்ட் அறுபடாமல் இருக்க வேண்டும். பெல்ட் வேலையில் அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

முதல் நாள் மெஷினின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மோட்டாரிலிருந்து வரும் பெல்ட் டிரம்மின் வயிற்றைச் சுற்றிப் போகிறது. பெல்ட்டை விறைப்பாக இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று. டிரம் உட்கார்ந்து சுற்ற அடியில் இரண்டு ரப்பர் உருளைகள். பெல்ட் ஓரத்தில் கிழிந்திருந்தது. பெட்டியோடு வந்திருந்த இரண்டு மாற்று பெல்ட்டில் ஒன்றைப் போட்டேன், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன், ஸ்விட்சைத் தட்டினேன். சொன்னபடியே காபி இன்னும் சூடாக இருந்தது.

"அவ்ளோதான் அக்கா. இனிமே இது உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றேன் சலவைக் கொட்டகை அக்காவிடம். கொட்டகை முழுக்க அந்த அக்கா பொறுப்பு. கொப்பரையில் சலவைச் சோடா போட்டு விரிப்புகளை அவித்து, அலசி, பிழிந்து, மெஷினுக்குள் போடுவது எல்லாம் அவர்தான்.

"எனக்குப் பேரனே இன்னும் பொறக்கலப்பா" என்றார் அவர்.

அடுத்த வாரமே ஆள் வந்தது. பெல்ட் அறுந்துவிட்டது. அதே ஓரக் கிழிசல். போதாததற்கு டிரம் சுற்றும்போது கறகறவென்று ஒரு சத்தம். கடைசி மாற்று பெல்ட்டையும் போட்டேன். அதுவும் போயிற்று. இனிமேல் கப்பலில்தான் வர வேண்டும். கப்பலுக்குக் காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். நானே பெல்ட் செய்வது என்று இறங்கினேன்.

தையல் மெஷின் தோல்வாரை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தேன். டிரம்மின் சூட்டில் வார் நீண்டு தொங்கிவிட்டது. லாரி டியூபை வளையமாக வெட்டிப் போட்டேன். அது டிரம்மைச் சுற்றுவதை விட்டுவிட்டுத் தானே சுற்றியது. கடைசியில் உப்பளத்து இஞ்சினின் பழைய கித்தான் பெல்ட்டை நீளவாக்கில் கிழித்து, முனைகளை மூட்டிப் போட்டேன். நன்றாகப் பிடித்தது. வழுக்காமல் இருக்க உப்பளத்தில் செய்வது போலவே குங்கிலியப் பொடியும் தூவினேன். இஞ்சின் பெல்ட்டுக்குக் குங்கிலியம் போட்டால் அட்டை மாதிரி ஒட்டும். ஆனால் இஞ்சின் பெல்ட் திறந்தவெளியில் ஓடுவது, இது சூட்டுக்குள் ஓடுவது என்பதை நான் யோசிக்கவில்லை. மறுநாள் குங்கிலியம் உருகி, புகைந்து, வார்டிலிருந்த விரிப்பு அத்தனையும் தூபம் போட்ட மாதிரி மணத்தது. தாய்மார்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சிஸ்டருக்கு மட்டும் கோபம்.

"இது என்ன ஆஸ்பத்திரியா, ஆசீர்வாதப் பூசையா?" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கிண்டல் வந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் பெல்ட் அந்த வாரமும் ஓரத்தில் கிழிந்தது.

கறகறச் சத்தமும் நிற்கவில்லை. டிரம்மைச் சுமந்த ரப்பர் உருளைகளைக் கழற்றிப் பார்த்தேன். யாரோ கத்தியால் கொத்திய மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. தச்சரிடம் கட்டை உருளை கடையச் சொல்லி, மேலே சைக்கிள் டயரை இறுக்கிச் சுற்றினேன். அதுவும் அதே மாதிரி கொத்துப்பட்டது. டிரம்மின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் நீளநீளமாகக் கீறல். எலி கடிக்கிறதோ என்றுகூட நினைத்தேன். எந்த எலி இரும்பைக் கீறும் என்று என் மனைவி கேட்டாள்.

பிறகு ஒரு நாள் மெஷினைச் சாய்த்து, அடித்தட்டையும் கழற்றினேன். பஞ்சும் நூல்பிசிறுமாகக் கிடந்ததைக் கையால் அள்ளினேன். விரலில் சுருக்கென்று குத்தியது. உதறினால் ஆணி. ஒன்றல்ல, ஒரு பிடி ஆணி. தச்சு ஆணியும் இல்லை. தலை சப்பையாய், முனை வளைந்து தேய்ந்த லாட ஆணி. மாட்டுக் குளம்பில் லாடம் அடிப்பார்களே, அந்த ஆணி.

துணி காயவைக்கும் மெஷினுக்குள் மாட்டு ஆணி எப்படி வரும்? சிஸ்டரிடம் போய், "சிஸ்டரம்மா, சலவைக் கொட்டகைக்குள்ள மாடு ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வெயிலில் சுற்றி வந்தவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

ஆனால் மாடு வரத்தான் செய்தது. வாரா வாரம் கொப்பரை அடுப்புக்கு விறகு ஏற்றிக்கொண்டு ஒரு வண்டிக்காரர் வருவார். வண்டியைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்துவார். மாட்டுக் காலிலிருந்து விழும் ஆணி, தரையில் கிடக்கும் துணியில் ஒட்டி மெஷினுக்குள் போகிறது. கண்டுபிடித்துவிட்டேன்! அடுத்த முறை அவர் வரும்போது வழிமறித்துப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"யோவ், உன் மாட்டு ஆணியால ஒரு ஆஸ்பத்திரியே நின்னு போச்சுய்யா. இந்தா பாரு."

வண்டிக்காரர் என் கையிலிருந்த ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மாட்டு ஆணி மாதிரிதான் இருக்குது" என்றார். "ஆனா என் மாடு போட்டது இல்ல."

"உன் மாட்டு ஆணி, ஆனா உன் மாடு போடல. இன்னாய்யா இது கதை?"

"கதை இல்லப்பா. நீ ஆம்பள, உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார். போகிற போக்கில் சிரித்த மாதிரியும் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி விறகு வண்டி வெளிக்கேட்டிலேயே நிற்க வேண்டும் என்று சிஸ்டரிடம் சொல்லி உத்தரவு வாங்கினேன். விறகைச் சுமந்து வரும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வண்டி நின்றது, ஆணி நிற்கவில்லை. அடுத்த வாரம் அடித்தட்டைக் கழற்றினால் புது ஆணிகள். பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒன்று மாட்டிக்கொண்டு, கித்தானைக் கோழி கிளறிய மாதிரி கிளறி வைத்திருந்தது. வானத்தில் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் வந்து, பெல்ட்டையும் பார்த்தார், மேகத்தையும் பார்த்தார்.

"இந்த வாரக் கடைசிவரை பார்ப்போம்" என்றார். "டாக்டரம்மா பாண்டிச்சேரிக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்கிறார்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கவே மனமில்லை. சட்டைப் பையிலிருந்த ஆணியை எடுத்துத் தரையில் வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மோர் ஊற்ற வந்தவள் அதைப் பார்த்தாள்.

"இத எதுக்கு வெளியே எடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் கையிலும் அதே மாதிரி ஓர் ஆணி. "என்னுது இங்கதான் இருக்குது. அப்ப இது யாருது?"

"உன்னுதா?"

"ஆமா. வண்டிக்காரர்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போம்போது எடுத்துட்டுப் போணுமே."

அப்புறம்தான் சொன்னாள். பிள்ளை பெற்றவள் படுக்கும் விரிப்பின் தலைமாட்டு முனையில், அடிப்பக்கமாக, ஓர் உப்புக்கல்லையும் ஓர் இரும்பு ஆணியையும் வைத்து முடிச்சுப் போட வேண்டும். காற்றுக் கருப்பு, கண் திருஷ்டி எதுவும் பிள்ளையை அண்டாது. மாட்டுக் காலில் ஊரெல்லாம் நடந்து தேய்ந்த ஆணி என்றால் இன்னும் விசேஷம். வேதக்காரக் கிறிஸ்தவர், இந்து என்று இதில் வித்தியாசமே இல்லை. ஆஸ்பத்திரியில் விரிப்பைத் தினமும் மாற்றுகிறார்களே, முடிச்சை அவிழ்ப்பதற்குள் உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதனால் தினமும் புது ஆணி, புது முடிச்சு. சிஸ்டர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

"எல்லாருக்கும் தெரியுமா இது?"

"பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாடு வந்துச்சான்னு சிஸ்டரம்மாகிட்டயா கேட்டீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்திய பூதம் பிடிபட்டுவிட்டது. "நல்லதாப் போச்சு. முடிச்சுப் போடக் கூடாதுன்னு நாளைக்கே சிஸ்டரம்மாகிட்ட சொல்லி நிறுத்திடுறேன். நீயும் இதத் தூக்கிப் போடு" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "போன தடவ நான் போடல" என்றாள்.

ஆணியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். ஆணியா பிள்ளையைக் காப்பாற்றும் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது உண்மை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் கேட்பான்? எனக்கு வார்டு வேண்டும், அதற்கு ஆணி மெஷினுக்குள் போகக் கூடாது. அவளுக்கு வார்டும் வேண்டும், ஆணியும் வேண்டும். ஆணி கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரி மட்டுமல்ல, பாதிப் பேர் வீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் முதலில் சலவைக் கொட்டகை அக்காவிடம் போனேன். அவர் அலசிய விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். முனையைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. உப்பு கரைந்துபோய், ஆணி மட்டும் உள்ளே துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"தெரிஞ்சும் ஏன் அவுக்காம உள்ள போடுறீங்க?"

அவர் பயந்துபோய் விரிப்பை என் கையிலிருந்து பிடுங்கினார். "நான் அவுக்கவா? நல்லாக் கேட்டப்பா! கட்டுனவ கைதான் அவுக்கணும். வேற மனுசக் கை பட்டா அந்தப் பிள்ளைக்கும் ஆவாது, அவுத்தவளுக்கும் ஆவாது."

"மெஷினுக்குள்ள போய்த் தானே அவுந்துடுதே?"

"மெஷினு அவுத்தா தோஷம் இல்ல" என்றார் அக்கா. "அதுக்குத்தான் கையி கிடையாதே."

அவித்து, அலசி, பிழிந்து, முடிச்சைத் தொடாமல் மெஷினுக்குள் போட்டு, அது உருட்டிப் புரட்டி அவிழ்க்கும்வரை பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அவிழ்ந்த ஆணி டிரம்மின் முன் விளிம்பு இடுக்கு வழியாக வெளியே விழுந்து பெல்ட்டில் ஏறுகிறது. அக்காவைப் பொறுத்தவரை மெஷின் வந்ததே அதற்காகத்தான்.

இனி சிஸ்டரிடம் சொல்லாமல் முடியாது. கையில் ஆணிகளைப் பொத்திக்கொண்டு அவர் அறை வாசலில் நின்றேன். என் மனைவி சொன்னது, அக்கா சொன்னது, வண்டிக்காரரிடம் நான் சண்டை போட்டது எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். "நிறுத்தச் சொல்லிடாதீங்க சிஸ்டரம்மா. அவ வர மாட்டா" என்று முடித்தேன். குரல் கெஞ்சியது, எனக்கே கேட்டது.

சிஸ்டர் என் கையிலிருந்த ஆணிகளை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"நான் இங்கே வந்த புதிதில் ஒரு முடிச்சைப் பார்த்துவிட்டேன்" என்றார். "மூடநம்பிக்கை என்று திட்டி, ஜன்னல் வழியாக வீசினேன். அந்தப் பெண் அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். வரவில்லை. அதற்குப் பிறகு நான் விரிப்பின் அடியில் பார்ப்பதே இல்லை."

பிறகு எழுந்து விறுவிறுவென்று சலவைக் கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"நீங்கள் அவிழ்க்க மாட்டீர்களாமே?" என்று அக்காவைக் கேட்டார். "சரி, நான் அவிழ்த்தால்?"

அக்கா யோசித்தார். "கன்னியாஸ்திரி அவுக்கலாமா, அவுக்கக் கூடாதான்னு தெரியலியே சிஸ்டரம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

சிஸ்டர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்ததும் பழையபடி புத்தகக் குரல் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி விரிப்பில் யாரும் எதையும் முடிந்து வைக்கக் கூடாது. அது விதி" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஆனால் கிழிந்த விரிப்பு நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சின்னப் பை தையுங்கள். தலைமாட்டில் கட்டிவிடுங்கள். சீப்பு, செபமாலை, திருநீறு, அவரவர் சாமான். பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன். வீட்டுக்குப் போகும்போது அவரவர் கையால் எடுத்துக்கொண்டு போகட்டும்."

"அவங்கவங்க கையி" என்றார் அக்கா. "அது சரியா இருக்குது."

வண்டிக்காரரிடம் போய், விறகை மறுபடி கொட்டகை வாசலிலேயே இறக்கலாம் என்று சொன்னேன். "அப்படியா? மாடு வரலாமா?" என்று கேட்டார். கேலி பேச அவருக்கு உரிமை உண்டு, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய கம்பளியை மடித்துத் தைத்து டிரம்மின் விளிம்பு இடுக்கையும் அடைத்தேன். புதிதாக ஒரு கித்தான் பெல்ட், இந்த முறை குங்கிலியம் இல்லாமல். உருளைகளுக்குப் புது டயர். மெஷின் கறகறக்காமல், முணுமுணுவென்று ஓடியது. வாரக் கடைசியில் அடித்தட்டைக் கழற்றினேன். பஞ்சு மட்டும்தான் இருந்தது. சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரிக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லப் போனார்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. கழுவெளி நிரம்பி ரோட்டில் ஏறியது. பஸ் நின்றது. ஒரு நாள் காலையில் மனைவிக்கு வலி எடுத்ததும் அந்த வண்டிக்காரர்தான் தன் வண்டியில் கித்தான் மூடி எங்களைக் கொண்டுபோய் இறக்கினார். வழியெல்லாம் மாட்டிடம் பேசிக்கொண்டே வந்தார், என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நல்லபடியா ஆவும், போ" என்றார்.

ஆம்பளைக்கு வார்டுக்குள் வேலையில்லை. நான் சலவைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அக்கா விரிப்பும் பிள்ளைத் துணியுமாக மெஷினுக்குள் திணித்து ஓடவிட்டார். டிரம் சுற்றச் சுற்ற அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கூரையில் மழை கொட்டுகிறது, எனக்கு அந்தப் பெல்ட் ஓசை மட்டும்தான் காதில் விழுகிறது. மாதாவே, அறுந்துவிடக் கூடாது, அறுந்துவிடக் கூடாது.

பெல்ட் அறுபடவில்லை. கரண்ட் போய்விட்டது.

டிரம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. அக்கா கதவைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஈரம் இருக்குதுப்பா. இன்னும் கொஞ்சம் சுத்துனா போதும்" என்றார். உள்ளே சூடு அப்படியே இருந்தது. நான் முதுகுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கிணற்றுக் கயிறு இழுப்பது போல இழுத்தேன். டிரம் அசைந்தது. இழுக்க இழுக்கச் சுற்றியது. துணி உள்ளே புரளும் சத்தம் கேட்டது. உள்ளங்கை தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் இழுத்தேனோ, அக்கா என் தோளைத் தட்டி நிறுத்தினார். காய்ந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே தன் முந்தானையையும் போர்த்திக்கொண்டு, மழையில் வார்டுக்கு ஓடினார்.

நான் பெல்ட்டைப் பிடித்தபடியே நின்றேன். விடத் தோன்றவில்லை.

பிறகு சிஸ்டரே வாசலுக்கு வந்து கூப்பிட்டார். வார்டுக்குள் போனபோது முதலில் என் மனைவியைத்தான் பார்த்தேன். களைத்துக் கிடந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் ஒரு பெண் குழந்தை, முகமெல்லாம் சிவந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு, வார்டே அதிர அழுதது. தொட்டுப் பார்த்தேன். துணியில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த கட்டில்காரர்கள் தூங்க வேண்டுமே என்று சிஸ்டர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். "ஷ்... ஷ்..." என்று ஆற்றினார். எங்கள் முதல் பிள்ளை அழுததே இல்லை. கிடந்த இரண்டு நாளும் முனகியதோடு சரி.

"விடுங்க சிஸ்டரம்மா" என்றாள் என் மனைவி, படுத்தபடியே. "இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும். நாங்க கேக்கணும்."